கால் ஊன்றினால்தான் கரண்டு வரும்

சரவணா,

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ முதல் இரண்டு வரியைப் படித்ததும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, மருந்து சாப்பிட்டாயிற்றா என்று கேட்பாய். நேரில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறந்தவுடனேயே முதுகுக்குத் தலையணை வைக்க ஓடி வருவாய். அதனால்தான் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதை நீ குறுக்கே பேசாமல் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

நீ இப்போது ஷா ஆலாம் தொழிற்சாலையில் இருப்பாய். உன் சின்னம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருக்கிறாள். உன்னை வேலைக்குக் கூப்பிட்ட நெதர்லாந்து கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டும் என்பதும், வேண்டாம் என்று சொல்லப்போகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். அம்மாவின் கால் எலும்பு கூடுகிற வரை எங்கும் நகர மாட்டேன் என்று சின்னம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். மல்லிகாவிடம் ஒன்றைச் சொல்லி, அக்காவிடம் சொல்லாதே என்பது கிள்ளான் டவுனில் மைக் பிடித்துப் பேசுவதற்குச் சமம். பிறந்ததிலிருந்து அவளைப் பார்க்கிறாய், இதுகூடத் தெரியாதா உனக்கு? கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. இரண்டும் அடங்கின பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். நீ போக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் என் வாயால் ஒருமுறை கேள். தீபாவளிக்குச் சேலை வாங்க கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். அங்கே காரை நிறுத்த இடம் தேடுவதற்குள் தீபாவளியே முடிந்துவிடும் என்று உன் மோட்டார் சைக்கிளில் போனோம். திரும்பி வரும்போது, வீட்டுக்கு மிகப் பக்கத்தில் மேரு ரோட்டில், ஒரு வேன் நம்மை இடித்தது. உனக்கு முழங்கையில் தோல் உரிந்தது. எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போனது. டிரைவிங் ஸ்கூலில் எத்தனையோ வருஷமாகக் கார் பழக்கிவிடுகிறவள் நான். பக்கத்தில் உட்கார்ந்து பழக்குவதுதான் வேலை என்றாலும், முதல் பாடத்தில் நான்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். இடது கால் என்றால் கிளட்ச் கால். அது போனால் என் பிழைப்பே போனது மாதிரி.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்கள். சில மாதத்தில் கூடிவிடும் என்றார்கள். மாதங்கள் போனதுதான் மிச்சம். எக்ஸ்ரேயைப் பார்த்தால், சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி இரண்டு முனையும் எதிரெதிரே நின்றன. நடுவில் கறுப்பாக ஒரு கோடு. என்னைப் போல இனிப்பு நீர் வியாதி இருப்பவர்களுக்குச் சில சமயம் இப்படி ஆகும் என்றார் டாக்டர். அடுத்ததாக இடுப்பிலிருந்து எலும்பை வெட்டி எடுத்து அந்த இடைவெளியில் வைத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். நான் பயந்துபோனேன். உடைந்தது காலில், வெட்டுவது இடுப்பிலா என்று கேட்டேன். அந்த டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் நீ தேட ஆரம்பித்தாய். எங்கெங்கோ படித்து, யார் யாருக்கோ எழுதி, கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் புதிதாகச் சோதனை செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தாய். எனக்குப் புரிய வைக்க, அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டரைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாய். இதில் பேட்டரி இருக்கிறதா என்று கேட்டாய். இல்லை. ஆனால் அழுத்தினால் தீப்பொறி வருகிறது, உள்ளே இருக்கிற சின்னக் கல் அமுங்கும்போது கரண்டு உண்டாக்குகிறது என்றாய். நம் எலும்பும் அப்படித்தானாம். நிற்கும்போதும் நடக்கும்போதும் பாரம் பட்டு, அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு கரண்டு ஓடுமாம். எங்கே எலும்பு வளர வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு தகவலாம். இவர்கள் வைக்கப்போவது தபால்தலை அளவில் ஒரு மெல்லிய ஏடு. தகட்டோடு ஒட்டி உடைந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். நான் காலை ஊன்றும்போதெல்லாம் அது கொஞ்சம் வளையும், வளைந்தால் கரண்டு எடுத்து எலும்புக்குக் கொடுக்கும். பேட்டரி மாற்ற வேண்டாம், வயர் வேண்டாம், வேலை முடிந்ததும் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும், எடுக்க இன்னொரு ஆப்பரேஷன் வேண்டாம். நீ சொல்லச் சொல்ல உன் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் சரி என்றேன். அந்த ஏட்டைப் பற்றி எனக்குப் பாதிதான் புரிந்தது.

ஆப்பரேஷன் நன்றாக முடிந்தது. டாக்டர் ஃபரிடாவை உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன உருவம், பேசும்போது நம் கையைப் பிடித்துக்கொள்வார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் தெளிவாகச் சொன்னார். இரண்டு வாரம் காயம் ஆறட்டும், பிறகு வாக்கரைப் பிடித்து தினமும் நடக்க வேண்டும். எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்பதற்கு, உடல் எடை பார்க்கிற தராசு ஒன்றைத் தரையில் வைத்து அதில் இடது காலை மட்டும் ஊன்றி முள்ளைப் பார்க்கச் சொன்னார். சிவப்புப் பேனாவால் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார், அதுவரை அழுத்தலாம் என்று. நீ தலையாட்டினாய், நான் தலையாட்டினேன், உன் சின்னம்மா நம் இருவரையும்விட வேகமாகத் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் நம் குடும்பத்துக் கூத்து ஆரம்பித்தது. டாக்டர் சொல்வதற்குத் தலையாட்டுவது மரியாதை, வீட்டுக்கு வந்து நமக்குப் பிடித்ததைச் செய்வது பாசம். நாம் இப்படியே பழகிவிட்டோம். மல்லிகா கேரி தீவிலிருந்து ஒரு மூட்டைத் துணியும் ஒரு பை ஆட்டுக்காலும் கொண்டுவந்து இறங்கினாள். எலும்பு முறிந்தால் ஆட்டுக்கால் சூப், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஆப்பரேஷன் செய்த உடம்பு, கால் தரையில் படவே கூடாது என்று அவள் ஒரு சட்டம் போட்டாள். நீயாவது எதிர்த்துப் பேசுவாய் என்று பார்த்தேன். அந்த ஏடு எப்படி வேலை செய்கிறது என்று இந்த வீட்டில் தெரிந்தவன் நீ ஒருவன்தான். அப்படி இருந்தும், முதல்நாள் தராசில் காலை வைத்து நான் லேசாகப் பல்லைக் கடித்ததுமே, போதும்மா, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்துவிட்டாய். மறுநாளும் அதேதான். அதற்கு அடுத்த வாரம் தராசு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. கட்டிலை டிவிக்கு எதிரே இழுத்துப் போட்டாய். கழிவறை நாற்காலி வாங்கினாய். தண்ணீர் வேண்டும் என்று நான் நினைப்பதற்குள் தம்ளர் கைக்கு வந்துவிடும்.

எல்லாப் பழியையும் உன் மேலும் மல்லிகா மேலும் போட்டுவிட மாட்டேன். உண்மையைச் சொன்னால், அவ்வளவு சுகமாக நான் என் வாழ்நாளில் இருந்ததே இல்லை. நீ இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போது உன் அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் என் முதல் நினைப்பு. எனக்கு ஒருவர் சோறு பிசைந்து கொடுத்து, தலை வாரி, கால் பிடித்துவிட்டு, சீரியலில் யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்று கூட உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது இதுவே முதல் தடவை. நான் அதை அனுபவித்தேன். அதனால்தான் ஆஸ்பத்திரி நர்ஸ் வாராவாரம் போன் செய்து, தினமும் நடக்கிறீர்களா ஆன்டி என்று கேட்டபோது, கட்டிலில் சாய்ந்தபடி, "நடக்கிறேன்லா, நல்லா நடக்கிறேன்" என்று வாய் கூசாமல் சொன்னேன். பக்கத்தில் நீ நின்றுகொண்டுதான் இருந்தாய். நர்ஸ் மனசு நோகக்கூடாது என்றுதான் சொன்னோம். எலும்பைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை.

பிறகு அந்தப் பரிசோதனை நாள் வந்தது. டாக்டர் ஃபரிடா வட்டமான ஒரு கருவியை என் காலுக்கு மேலே பிடித்தார். உள்ளே இருக்கிற ஏடு எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று அது திரையில் காட்டும் என்றார். திரையில் ஒரு கோடு நேராகப் போனது, அவ்வளவுதான். அவர் கருவியைத் தட்டிப் பார்த்தார், வேறு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார், அதிலும் அதே நேர்கோடு. உள்ளே வைத்தது பழுதாகிவிட்டதோ என்று உன் முகம் வெளிறியது. அவர் என் பாதத்தைக் கையில் எடுத்து உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார். அது கைக்குழந்தையின் கால் மாதிரி மெத்தென்று இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. மலாயும் ஆங்கிலமுமாக மெதுவாகத்தான் பேசினார். இதற்கு பேட்டரி கிடையாது ஆன்டி, நீங்கள் நின்றால்தான் இது எழுந்திருக்கும், உங்களை இவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்டால் இது தூங்கிக்கொண்டேதான் இருக்கும் என்றார். இன்னும் சில மாதத்தில் அந்த ஏடு தானாகக் கரைய ஆரம்பித்துவிடும், அதற்குள் எலும்பு பிடிக்க ஆரம்பிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இடுப்பு எலும்புதான் என்றும் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் போட்டுக்கொடுத்த சிவப்புக் கோடு சோபாவுக்கு அடியில் தூசியோடு கிடப்பது ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து நீ வேறு ஆளாகிவிட்டாய். வேலைக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் என்னை நடக்கவைத்தாய். தராசு கூடத்துக்கு நடுவில் வந்தது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாய். நான் விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் உன் கை என்னைக் கொஞ்சம் தூக்கியே பிடித்திருந்தது. தராசில் நிற்கும்போதும் அப்படியேதான். முள் கோட்டுக்குக் கீழேயே நிற்கும். இன்னும் அழுத்துங்கம்மா என்பாய், நான் அழுத்துவேன், முள் நகராது. எனக்குத் தெம்பு போய்விட்டது என்று இருவரும் நினைத்துக்கொண்டோம். ஒருநாள் காலை நான் தராசில் நிற்கும்போது உன் போன் அடித்தது. தொழிற்சாலையிலிருந்து ஏதோ அவசரம். நீ என் கையை விட்டுவிட்டுப் பால்கனிக்குப் போனாய். குனிந்து பார்க்கிறேன், முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வலி முன்பு இருந்ததைவிட அதிகமாகவும் இல்லை. நான் அழுத்தியதெல்லாம் இத்தனை நாளாக உன் கைக்குத்தான் போயிருக்கிறது. நீ திரும்பி வந்து மறுபடியும் முழங்கையைப் பிடித்தாய். முள் இறங்கியது. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நீ உன் கையை வெட்டிப் போட்டுவிடுவது போல ஒரு முகம் வைப்பாய், அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

என்னிடம் முன்பு ஒரு பெண் கார் பழகினாள். செராஸிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். தினமும் அவளுடைய அப்பா பின்சீட்டில் ஏறிக்கொள்வார். மகள் ஸ்டியரிங்கைத் தொட்டதுமே, பார்த்து, மெதுவா, லோரி வருது, பிரேக், பிரேக் என்று பின்னாலிருந்து மந்திரம் ஓதுவார். அந்தப் பெண்ணுக்கு முதல் கியரிலேயே கார் அணைந்து அணைந்து போகும். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் காரை ஓரம் கட்டச்சொல்லி, அங்கிள், நீங்கள் இங்கே இறங்கி ஒரு டீ குடியுங்கள் என்று அவரை இறக்கிவிட்டேன். பாவம், வாயைத் திறந்தபடி நின்றார். நாங்கள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தபோது அந்தப் பெண் மூன்றாவது கியரில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அவர் மகளை நேசிக்காதவரா? நேசித்ததால்தானே பின்சீட்டை விடவில்லை. தராசிலிருந்து இறங்கும்போது எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் உன்னை எந்த பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிடுவது?

அதனால் நீ வேலைக்குப் போன பிறகு நானே நடக்க ஆரம்பித்தேன். முதலில் கட்டிலிலிருந்து சமையலறை வரை. பிறகு பால்கனி. பிறகு வெளியே, நம் மாடி வராந்தாவில், பக்கத்து வீட்டுச் செருப்பு அலமாரி வரை. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு இம்மி அழுத்தவில்லை, காலையும் மாலையும் தராசில் ஏறி அந்தப் பாரம் எப்படி இருக்கும் என்று காலுக்குப் பழக்கிக்கொண்டுதான் போவேன். வலித்தது. வலிக்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவை ஊன்றும்போதும் உள்ளே அந்த ஏடு வளைந்து ஒரு துளி கரண்டு எடுக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். என் எடையை யாரும் இதுவரை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தியதில்லை, இப்போதாவது உதவுகிறதே என்று சிரித்துக்கொள்வேன். உன் சின்னம்மா துணி காயப்போட வெளியே வந்தவள் ஒருநாள் என்னை வராந்தாவில் பிடித்துவிட்டாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். வாளியை வைத்துவிட்டு அழுதாள்.

"அக்கா, நீ நடந்துருவேக்கா. ஆனா அவன் போக மாட்டேங்கிறான். அந்த வேலய வேணாம்னு சொல்லப்போறானாம்."

அன்றைக்கு நான் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் வலியால் அல்ல.

அடுத்து நான் செய்ததைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். உனக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து, அடுத்த வாரத்துப் பரிசோதனையை நேற்றைக்கு மாற்றிக்கொண்டேன். உன் கார் கீழே திரும்பிப் போவதைப் பார்த்த பிறகு சேலையை மாற்றிக்கொண்டேன். மல்லிகா ஸ்டேஷன் வரை வந்தாள், அதற்கு மேல் வரவேண்டாம் என்றுவிட்டேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில், கையில் டோங்காட் தடி ஒன்றை ஊன்றிக்கொண்டு, கோலாலம்பூர் சென்ட்ரல் வரை போனேன். உட்காருங்க ஆன்டி என்று ஒரு பையன் எழுந்தான். உட்கார்ந்தேன், இரண்டு ஸ்டேஷன் தள்ளி எழுந்து நின்றுகொண்டேன், அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். சென்ட்ரலில் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரையும் போல நானும் இடித்துக்கொண்டும் இடிபட்டுக்கொண்டும் நடந்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

டாக்டர் ஃபரிடா கருவியைக் காலுக்கு மேலே பிடித்தார். திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு ஓடியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எக்ஸ்ரே. அந்தக் கறுப்புக் கோட்டுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் சாம்பிராணிப் புகை மாதிரி வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. அது புது எலும்பு என்றார். மற்ற பக்கம் இன்னும் திறந்துதான் இருக்கிறது. முழுசாகக் கூடிவிடுமா என்று கேட்டேன். கூடலாம், ஆனால் இது புதிய சிகிச்சை, சத்தியம் செய்ய முடியாது, இடுப்பு எலும்பு தேவைப்பட்டாலும் படலாம் என்றார். நல்ல பெண். பொய் சொல்லத் தெரியவில்லை. இதை உன்னிடம் கூட்டிச் சொல்லவும் எனக்கு மனசில்லை. எலும்பு கூடிவிட்டது, நீ போகலாம் என்று எழுதினால் நீ நிம்மதியாகப் போவாய். ஆனால் அது உண்மை இல்லை. கூடலாம், கூடாமலும் போகலாம். அப்படி இருக்கும்போதுதான் உன்னைப் போகச் சொல்கிறேன்.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். உன்னைப் பிடித்து வைத்திருப்பது என் கால் மட்டும் இல்லை, சரவணா. விழுந்த நாளிலிருந்து, உன் மேல் தப்பில்லை, உன் மேல் தப்பில்லை என்று ஆள் மாற்றி ஆள் உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உன் சின்னம்மா சொன்னாள், கோயிலில் பார்த்தவர்கள் சொன்னார்கள், நான் எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல உன் முகம் சுருங்கிப்போனதே தவிர விரியவில்லை. ஏன் என்று எனக்கு அப்போதே தெரியும். மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் தொழில். பின்னால் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பழக்கம் போகுமா? நீ இரண்டு வரிசைக் கார்களுக்கு நடுவில் வந்துகொண்டிருந்தாய். பெட்ரோல் ஸ்டேஷனைப் பார்த்ததும் இடது பக்கம் வெட்டித் திரும்பினாய். சிக்னல் போடவில்லை, தலையைத் திருப்பிப் பார்க்கவும் இல்லை. அந்த வேன் அதன் பாதையில் ஒழுங்காகத்தான் வந்தது. ஆமாம்பா, தப்பு உன்னுடையதுதான். என் கால் உடைந்தது உன்னால்தான்.

படித்துவிட்டு அப்படியே உட்கார். இது வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதினேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அன்றைக்கு ரோட்டில் கிடக்கும்போதே இல்லை. நீ அம்மா அம்மா என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாயே, அப்போதே மன்னித்துவிட்டேன். ஆனால் தப்பே நடக்கவில்லை என்று நான் சாதித்துக்கொண்டிருந்தால், நான் எதை மன்னித்தேன் என்று உனக்கு எப்படித் தெரியும்? தப்பில்லை தப்பில்லை என்று உன் முழங்கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே இருந்தது நாங்கள்தான். அதனால்தான் நீயும் அந்தத் தப்பின் மேல் ஒருநாளும் காலூன்றி நிற்கவே இல்லை. ஒரு நொடி பார்க்காமல் திரும்பிவிட்டாய். எல்லோரும் செய்கிற தப்பு, உனக்கு அது அம்மாவின் காலில் போய் முடிந்தது. அதற்குத் தண்டனையாக உன் வாழ்க்கையைக் கொண்டுவந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டால், உடைந்த சாமான் ஒன்றுக்கு இரண்டாகும். எனக்கு அது வேண்டாம்.

போவதற்கு முன்னால் ஒன்று மட்டும் செய். அந்த வேன்காரர், மீன் ஏற்றிக்கொண்டு போன அந்த மலாய்க்காரர், நம்மைத் தூக்கி ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார், டாக்டர் வருகிற வரை வாசலில் நின்றார். பிறகும் போன் செய்து என் காலைப் பற்றி விசாரித்தார். நீ எடுக்கவில்லை, எடுத்தபோது பாதியில் வைத்துவிட்டாய். நம் வீட்டில் இன்றுவரை அவருக்குப் பாவி என்றுதான் பெயர். அவர் எண் என் போனில் இருக்கிறது. அவரிடம் பேசு. என்ன பேச வேண்டும் என்று உனக்கே தெரியும். பேசி முடித்ததும் மூச்சு நன்றாக வரும்.

அங்கே போனால் குளிரும் என்கிறார்கள், காதை மூடிக்கொள். அடுப்பே பற்றவைக்காமல் ரொட்டியையும் சீஸையும் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. தினமும் போன் செய்ய வேண்டாம், வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும். நான் நடந்தேனா என்று கேட்டால், நடக்காத நாளில் நடக்கவில்லை என்றே சொல்லுவேன். எலும்பு கூடாமல் மறுபடியும் ஆப்பரேஷன் என்றால் அதையும் சொல்லுவேன். நீ ஓடி வராதே. மல்லிகா இருக்கிறாள், அவளுடைய ஆட்டுக்கால் இருக்கிறது, டாக்டர் ஃபரிடா இருக்கிறார். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று உன்னிடம் சொல்லி, போனிலேயே அழுதுவிட்டு வைத்துவிடுவேன்.

உன்னை வழியனுப்ப ஏர்போர்ட்டுக்கு வருவேன். அங்கே போய் எனக்குச் சக்கர நாற்காலி கேட்காதே. கேட்டாயானால் அதில் உன்னை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவேன், ஊரே பார்க்கட்டும். என் கையைப் பிடிக்காதே. கட்டிப்பிடிப்பதென்றால் கட்டிப்பிடித்துக்கொள், ஆனால் தூக்காதே. நீ பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போய்த் திரும்பிப் பார்க்கும்போது, நான் இரண்டு காலிலும் நின்றுகொண்டிருப்பேன். நீ கண்ணுக்கு மறைகிற வரை உட்கார மாட்டேன்.

அம்மா